பன்பாயும் கீரிப்பூச்சியும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, முழங்காலுக்கு எந்த எண்ணெய். போன மாதம் ஒரு கலியாண வீட்டில், பழைய வகுப்புத் தோழி ஒருத்தி தன் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்த கதையைச் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கேட்டுக்கொண்டே பாயாசம் குடித்தோம். ஆனால் கீரிப்பூச்சியைப் பற்றி நம்மில் ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஒரே வகுப்பில் அத்தனை பேர் நெருக்கியடித்து வாங்கில் இருந்தோமே, எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? எனக்கு இருந்தது. அதைத்தான் நம் பழைய வகுப்பு மலருக்கு எழுதப்போகிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு இளம் தாய். பிரஷர்க் குளிசை வாங்க நின்றபோது எனக்கு முன்னால் நின்றார். பின்னால் நிற்கிற எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, மருந்துக்கடைப் பையனின் காது வரைக்கும் குனிந்து எதையோ சொன்னார். அவன் உரத்த குரலில், "கீரிப்பூச்சிக்கா? புள்ளைக்கு எத்தன வயசு?" என்று கேட்டான். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டு நிலத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் அம்மாவின் பார்வை. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அது மாறவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆரையம்பதியில், வாவிக்கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. என் தங்கச்சிக்கு ஆறு வயது. அம்மாவின் ஒரே தங்கை, எங்கள் சின்னம்மா, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்தார். சித்தப்பா வாவியில் வலை வீசுகிறவர். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரே மகள்.

அந்த வருடம் மாரி மழை பிடித்தது, விடவில்லை. வாவி ஏறி ஏறி வந்து, சின்னம்மாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்விட்டது. ஒரு காலை, மூன்று பேரும் தோணியில் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவின் தோளில் வலை. சின்னம்மாவின் தலையில் ஒரு சாக்கு நெல்லும் அதன்மேல் ஒரு சுருட்டிய பாயும். மகளின் கையில் நனைந்த பேட்டுக் கோழி ஒன்று, அதுவும் அவளைப் போலவே நடுங்கிக்கொண்டு. அம்மா ஓடிப்போய் அவளைத் தூக்கித் தன் சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டினார். அதையும் நான் எழுதத்தான் வேண்டும். அம்மா அப்படித்தான் அவர்களை வரவேற்றார்.

சின்னம்மா கொண்டுவந்த அந்தப் பாய் அவரே பன் புல் வெட்டிக் காயவைத்து இழைத்தது. நடு அறையை அடைத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவு அகலம். நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதில்தான் படுத்தோம். புதுப் பன்னின் மணம், ஈரத் துணி புகையில் காயும் மணம், அடுப்புக்கு மேல் சித்தப்பா கட்டித் தொங்கவிட்ட மீனின் மணம். மழை நாளில் பள்ளிக்கூடம் இல்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்து ஒரே தாம்பாளத்தில் போட்டு, சுற்றியிருந்து சாப்பிடுவோம். சின்னம்மாவின் மகளுக்கு வாவியில் உள்ள மீனெல்லாம் தெரியும். எது எந்த நேரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லுவாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது கிழமையோ மூன்றாவது கிழமையோ தங்கச்சி படுக்கையில் புரளத் தொடங்கினாள். படுத்துக் கொஞ்ச நேரத்தில் முனகுவாள், பல்லை நறநறவென்று கடிப்பாள், கையைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சொறிவாள். பாயை நனைக்கிற பழக்கம் விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அது திரும்ப வந்தது. பகலில் ஒன்றுமில்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் அழுகை. சின்னம்மாவின் மகளும் சொறிந்தாள். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. பகலென்றும் பார்க்கமாட்டாள், ஆள் நிற்கிறதென்றும் பார்க்கமாட்டாள். தோணியில் வளர்ந்த பிள்ளை.

அம்மாவின் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முற்றத்தில் ஒரு இலை கிடக்காது. செம்புகள் ஒரே பக்கம் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். ஊரில் யாராவது வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தால், "பரவாயில்ல, சங்கக்கடைக்காரர்ர வீட்டப் போல கிடக்கு" என்று சொல்லுவார்கள். அம்மாவுக்கு அது காதில் விழும்.

ஒரு மத்தியானம், தாம்பாளத்தைச் சுற்றி இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தார்கள். சின்னம்மாவின் மகள் பின்பக்கம் ஒரு முறை சொறிந்துவிட்டு அதே கையைக் கிழங்குக்குள் விட்டாள். அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"கைய எடு! ஊத்தை! இதையா கொம்மா உனக்குப் பழக்கின?"

"அக்கா, அது சின்னப் புள்ள," என்றார் சின்னம்மா.

"சின்னப் புள்ளையா? இப்ப என்ட புள்ளையும் ராவு ராவாச் சொறியிறாள். நீங்க வர முதல் இந்த வீட்டில இப்பிடி ஒரு அரிகண்டம் இருந்ததா, சொல்லு?"

நான் என் பங்குக் கிழங்கை மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்தேன். சின்னம்மாவின் மகள் அதைக் கண்டாள். அவளுடைய கண்கள் அந்தக் கிழங்குத் துண்டோடு சேர்ந்து நகர்ந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது.

அன்று பின்னேரமே அவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய முற்றத்தில் இன்னும் தண்ணீர் நின்றது. அப்பா துறை வரைக்கும் பின்னால் போய்க் கெஞ்சிப் பார்த்தார். சித்தப்பா, "பரவாயில்ல அண்ணன், தண்ணி வடியுது," என்று மட்டும் சொன்னாராம். பாயைச் சுருட்டிக்கொண்டு போக அவர்களுக்கு நேரமிருக்கவில்லை, அல்லது மனமிருக்கவில்லை.

அம்மா அதை வளவின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் நெருப்பு வைத்தார். மழையில் ஊறிய பாய் எரியவில்லை, புகைந்தது. இரண்டு நாள் முழுக்க எங்கள் வளவில் அந்தப் புகை படிந்து கிடந்தது.

அவர்கள் போனால் சொறிச்சலும் போய்விடும் என்று அம்மா நம்பினார். போகவில்லை. தங்கச்சிக்கு அது கூடியது. அம்மா ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் செய்தார். இனிப்பால்தான் பூச்சி வருகிறது என்று சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்கக் கொடுத்தார். அது கண்ணூறு என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதும் கறுப்பு நூல் ஓதிக் கட்டினார். பள்ளிக்கூடம் தொடங்கியபின் தங்கச்சியின் ரீச்சர் ஒரு துண்டு எழுதி அனுப்பினார்: பிள்ளை வாங்கில் ஒழுங்காக இருப்பதில்லை, நெளிகிறது, பாடத்தில் தூங்குகிறது, வீட்டில் அடக்கம் பழக்கவும். அம்மா அந்தத் துண்டை இரண்டு முறை வாசித்துவிட்டு, தங்கச்சியின் தொடையில் ஒரு அடி வைத்தார். ஆறு வயதுப் பிள்ளை. தூக்கமில்லாத பிள்ளை. இப்போது நினைத்தால் யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. ரீச்சர் ஒரு நல்ல மனுசி. அம்மாவும் அப்படித்தான்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. ஏன் படுத்த பிறகு மட்டும்? பகலில் ஓடி விளையாடும்போது தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. படுத்து, உடம்பு சூடாகி, கண் அயரும் நேரத்தில் அது தொடங்கும். பூச்சிக்கு நேரம் தெரியுமா? அதற்கும் மணிக்கூடு இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டேன். "வாய மூடிக்கிட்டுப் போ," என்றார். அப்பாவிடம் கேட்டேன். அவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

காலையில் தங்கச்சி வெளிக்குப் போகிற எனாமல் சட்டியைக் கழுவி வைப்பது என் வேலை. ஒரு நாள் அதற்குள் ஒரு வெள்ளை நூல் துண்டு கிடந்தது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து விழுந்ததாக்கும் என்று குனிந்தேன். நூல் வளைந்தது. பிறகு நிமிர்ந்தது. என் சின்னவிரல் நகத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு நுனி ஊசி போலக் கூர்.

ஓடவில்லை. அருவருப்பு வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்த ஞாபகமில்லை. இவ்வளவு சின்னது, இந்த வீட்டில் இவ்வளவு பேரை அழ வைத்திருக்கிறதே என்ற வியப்புத்தான் இருந்தது. என்னிடம் பென்சிலின் போத்தல்கள் இருந்தன. உங்களிடமும் இருந்திருக்கும். ஊசி மருந்து முடிந்தபின் டிஸ்பென்சரியில் எறிகிற, றப்பர் மூடி போட்ட குட்டிப் போத்தல்கள். அவற்றில் தண்ணீர் நிரப்பி நாம் மருந்துக்கடை விளையாடுவோம். இப்போது அவை எங்கே போயின என்றே தெரியவில்லை. ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஈர்க்கின் நுனியால் அந்த நூலைத் தூக்கி உள்ளே விட்டேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன் என்று எழுத ஆசை. கழுவவில்லை.

அதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனேன். நம் வகுப்பில் ஒருவருக்கு அதைக் காட்டினேன். பார்ப்பதற்கு எனக்கு ஒரு புளியங்காய் தந்தார். அது நீங்கள்தானா என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கிழமை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நிறுக்க மிட்வைஃப் அம்மா வந்தார். சைக்கிளில் வருவார். கறுப்புக் குடை ஒன்று பின்னால் கட்டியிருக்கும். குரல் மட்டும் இரண்டு வளவு தாண்டிக் கேட்கும். அவர் திரும்பிப் போகும்போது நான் வாசல் படலையில் நின்று போத்தலை நீட்டினேன்.

"இது என்ன புள்ள, நூலா?"

"நூல் இல்ல. முந்தநாள் அசைஞ்சது."

அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "எங்க புடிச்ச?"

நான் சட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை அலறியது.

"ஊர் முழுக்க இத ஒளிச்சு வச்சிருக்கு. நீ போத்தல்ல போட்டு வச்சிருக்கா! எங்க உன்ட அம்மா?"

அம்மா வந்து பார்த்தார். போத்தலுக்குள் கிடந்ததை அடையாளம் கண்டதும் முகம் வெளுத்தது. "ஐயோ மிஸ்ஸி, மானத்த வாங்கிப் போட்டாள்."

"மானத்துக்கும் இதுக்கும் என்ன கா சம்பந்தம்? டொக்டர்மார்ர வீட்டுப் புள்ளையளுக்கும் இது இருக்கு. கீரிப்பூச்சி. ஆருக்குச் சொறியிது?"

"சின்னவளுக்கு. என்ட தங்கச்சிர மகள் கொண்டு வந்து குடுத்துட்டுப் போயிட்டாள். சீனியும் குடுக்கிறல்ல, வேப்பங்கொழுந்தும் குடுத்தன்."

"சீனிய நிப்பாட்டி என்ன செய்யிற? இது சீனியால வாறல்ல."

நான் இடையில் விழுந்து கேட்டேன்: "ஏன் ராவில மட்டும் சொறியிது?"

மிட்வைஃப் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெரிய மனுசிக்குப் பதில் சொல்வது போல எனக்குப் பதில் சொன்னார். "பகலெல்லாம் அது குடலுக்குள்ள கிடக்கும். நீங்க படுத்து நித்திரையாகிற நேரம் தாய்ப்பூச்சி வெளியில வந்து, பின்வாசல்ல முட்டை போடும். அதுதான் அரிக்கிது. சொறிஞ்சா முட்டை நகத்துக்குள்ள போகுது. மறுகா அந்தக் கை வாய்க்குப் போகும், பாய்க்குப் போகும், அடுத்த புள்ளைர கைக்குப் போகும். முட்டைய முழுங்கினா திரும்பவும் முதல்ல இருந்து."

எனக்கு மயிர் சிலிர்த்தது. அதற்கு நேரம் தெரியும்! நான் நினைத்தது சரி. ஒரு கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"ஒரு பூச்சியக் கண்டதே போதும்," என்றார் மிட்வைஃப் அம்மா. "ஆனா வேற ஆருக்கெல்லாம் இருக்கெண்டு பாக்கலாம். மருந்து எல்லாருக்கும் குடுக்கத்தான் வேணும்." பையிலிருந்து கண்ணாடித் தகடுகள் சிலவற்றை எடுத்து, செலோடேப் சுருள் ஒன்றையும் அம்மாவிடம் கொடுத்தார். காலையில் எழும்பியதும், கழுவ முன்பு, குளிக்க முன்பு, ஒரு துண்டு டேப்பைப் பின்பக்கத் தோலில் ஒட்டி எடுத்துத் தகட்டில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான், நோகாது. இரண்டு பிள்ளைகளுக்கும் செய்யச் சொன்னார். பெரியவர்களும் செய்யலாம் என்றார்.

"எனக்கென்னத்துக்கு? என்ட உடம்பப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

பாயை எரித்ததையும் அம்மா பெருமையாகச் சொன்னார். மிட்வைஃப் அம்மா மூலையில் கிடந்த கரியைப் பார்த்தார். "ஐயோ, அந்த நல்ல பாய. கழுவி வெயில்ல போட்டிருந்தாப் போதுமே கா."

மறுநாள் தகடுகளை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன அறையில், மலேரியாக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்கிற ஐயா ஒருவர் இருந்தார். யன்னலோரம் அவருடைய மைக்கிரோஸ்கோப். அறை முழுக்க ஸ்பிரிட் மணம். மெலிந்த மனிதர். ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து, மூடாத கண்ணும் எப்போதும் பாதி மூடியே இருந்தது. முதல் தகட்டை வைத்துப் பார்த்து "ஓம்" என்றார். இரண்டாவதை வைத்து, "அட!" என்றார்.

"நானும் பாக்கட்டா?" என்று கேட்டேன்.

அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். அந்த ஐயாவோ எழும்பித் தன் கதிரையைத் தந்தார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வெள்ளை வெளி. பிறகு அவை. கண்ணாடி போன்ற தோல், உள்ளே சுருண்ட ஏதோ ஒன்று. ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் தட்டையாகவும், யாரோ ஒரு நெல்மணியைப் பலகையில் வைத்து அழுத்தியது போல. பத்து, இருபது, எண்ணி முடியவில்லை. எவ்வளவு வடிவாக இருந்தன!

"இது தங்கச்சிரயா?" என்று கேட்டேன்.

அவர் தகட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தார். "இல்ல. இது மூத்த புள்ளைர."

மைக்கிரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குச் சொறியிறதே இல்லையே."

"எல்லாருக்கும் சொறியாது, மகள். சில பேருக்கு ஒண்டும் தெரியாது. நகம் கடிக்கிற நீதானே?"

கைகளைச் சட்டைக்குள் மறைத்தேன். தாம்பாளம், கிழங்கு, மூன்று பிள்ளைகளும் படுத்த அந்தப் பாய், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "அப்ப நானா அவளுக்குக் குடுத்த?"

"ஆர் ஆருக்குக் குடுத்ததெண்டு ஆராலயும் சொல்ல ஏலாது," என்றார் அவர். "இதில வழக்குப் பேசி வெல்ல ஒண்ணா."

டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான அப்போதிக்கரி ஐயா மருந்து தந்தார். சிவப்புப் பாணி, தண்ணீர் சேர்க்காத செம்பரத்தைச் சாறு போல. ஆளாளுக்கு எத்தனை கரண்டி என்று நிறையைக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "நல்லாக் கேளுங்க. வீட்டில உள்ள எல்லாரும் ஒரே நாள் குடிக்கணும். சொறிஞ்சாலும் சொறியாட்டியும். மருந்து பூச்சியத்தான் கொல்லும், முட்டையக் கொல்லாது. அதனால ரெண்டு கிழமை கழிச்சுத் திரும்ப ஒருக்கா. உங்களோட ஒண்டாப் படுத்த வேற ஆரும் இருக்காங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். "மூண்டு பேர்," என்றார் அப்பா.

"அவங்களும் குடிக்கணும். இல்லாட்டி வந்து போற நேரம் திரும்பவும் வந்திரும்."

அவர்களுக்கென்று இன்னொரு போத்தலும் இன்னொரு தாளும் தந்தார். அந்தப் போத்தல் எங்கள் அலுமாரியில் இரண்டு நாள் இருந்தது. அம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போனார். என் தகட்டைப் பற்றி அப்பா சொன்னபோது, "அவளுக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் நாள் அப்பா, "துறைக்கு ஆள் போகுது. குடுத்து விடட்டா?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றார் அம்மா. "நான்தானே துரத்தின. நானே போறன்."

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மண்முனைத் துறையில் இப்போது பாலம் இருக்கிறது, நாலு நிமிடத்தில் தாண்டிவிடலாம். அப்போது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவை ஒன்றுதான். அதற்குப் பாதை என்று பெயர். அது அசைந்து அசைந்து போய்ச் சேரும் வரைக்கும் அம்மா மருந்துப் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தண்ணீர் கலங்கிச் சிவந்து கிடந்தது. ஆற்றுவாழை கூட்டம் கூட்டமாக மிதந்து போனது.

சின்னம்மாவின் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு. முற்றம் முழுக்கச் சேறும் அழுகிய வைக்கோல் நாற்றமும். சின்னம்மா எங்களைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க," என்றார். சிரிக்கவில்லை. அவருடைய மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். தேத்தண்ணீர் வந்தது. அம்மா வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார், நெல் நனைந்ததா என்று கேட்டார். சின்னம்மா எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னார். கடைசியில் அம்மா துணியை அவிழ்த்துப் போத்தலையும் கரண்டிக் கணக்கு எழுதிய தாளையும் வைத்தார்.

"இதென்ன?"

"பூச்சி மருந்து. எல்லாரும் ஒரே நாளில குடிக்கணுமாம். நாளைக்குக் காலையில. நாங்களும் குடிக்கிறம்."

"நாங்கதானே கொண்டு வந்த நாங்க," என்றார் சின்னம்மா. "நாங்களே பாத்துக்கிறம். நீங்க கொண்டு போங்க."

அம்மா தேத்தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மா, எனக்கும் இருக்கு. எனக்குத்தான் கூட. நான் மைக்கிரோஸ்கோப்பில பாத்தன்."

கதவு அசைந்தது. "எப்பிடி இருந்திச்சு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

நான் முற்றத்துக்கு இறங்கி, ஒரு ஈர்க்கை எடுத்து ஈரச் சேற்றில் கீறினேன். ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் தட்டை, உள்ளே ஒரு சுருள். சின்னம்மாவின் மகள் வந்து குந்தினாள். நான் கீறியதைப் பார்த்துவிட்டு, மீன் முட்டை முழு உருண்டை, இது ஏன் இப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அதைப் பற்றி யோசித்தோம். கிழங்கை நகர்த்தியதற்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு அந்தச் சொல் தெரியாது. என் கையிலிருந்த ஈர்க்கை அவளிடம் கொடுத்தேன். அவள் பக்கத்தில் ஒரு மீன் முட்டை கீறினாள்.

திரும்பிப் பார்த்தபோது, சின்னம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்து, "எனக்கு எத்தினை கரண்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில், வாவியின் இந்தப் பக்கம் நாலு பேரும் அந்தப் பக்கம் மூன்று பேரும் மருந்து குடித்தோம். அம்மாவும் குடித்தார், "புள்ளையளுக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டு. கழிவு சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று அப்போதிக்கரி ஐயா சொல்லியிருந்தும் தங்கச்சி இரத்தம் என்று கத்தி ஊரைக் கூட்டினாள்.

பிறகு அந்த இரண்டு கிழமை. மிட்வைஃப் அம்மா படலையில் நின்று உரத்த குரலில் சொன்னதையெல்லாம் அம்மா அட்சரம் பிசகாமல் செய்தார். எல்லோருக்கும் நகத்தை ஒட்ட வெட்டினார். காலையில் எழும்பியதும் குளிப்பு. படுக்கைத் துணியை உதறக் கூடாது, முட்டை பறக்கும். அப்படியே சுருட்டிக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைக்க வேண்டும். படுக்கும்போது உள்ளுடுப்பு இறுக்கமாக. கக்கூசுக்குப் போய் வந்தாலும் சாப்பிடப் போனாலும் சவர்க்காரம். நான் நகம் கடிக்காமல் இருக்க விரல்களில் வேப்பெண்ணெய் பூசினார். அந்தக் கசப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தங்கச்சி ஒருமுறையும் புரளாமல் விடியும் வரை தூங்கினாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுப்ப மனமில்லாமல், பள்ளிக்கூட நேரம் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்த தொடையைத் தடவினார்.

இரண்டாவது முறை மருந்து குடிக்கும் நாளில், யாரும் கூப்பிடாமலே சின்னம்மா மகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார், ஒரு கோர்வை கொய் மீனோடு. "எல்லாரும் ஒண்டாக் குடிச்சிருவம்," என்றார். பிள்ளைகள் நாங்கள் முற்றத்தில். நான் தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனபோது, அம்மாவின் குரல் கேட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"உண்மையச் சொல்றன். நீங்க வாறத்துக்கு ஒரு மாசம் முதலே எனக்கு இருந்திச்சு."

மீன் செதில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"தெரியும் அக்கா," என்றார் சின்னம்மா.

"என்ன தெரியும்?"

"நாம ரெண்டு பேரும் ஒரு அறையிலதானே படுத்த. வந்த முதல் நாளே கண்டன், நீங்க நித்திரையில்லாமப் புரண்டு புரண்டு கிடந்தத."

"அப்ப ஏன் கா அண்டைக்குச் சொல்லல்ல? வாயில வந்தபடி நான் கேட்டன். நீ சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்ற? அத்தான் இருந்தார். என்ட மனுசனும் இருந்தார். புள்ளையளும் இருந்ததுகள்."

செதில் உரசும் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. சின்னம்மா கையைக் கழுவினார். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள்ளும் விட்டுக் கழுவினார். பிறகு தட்டிலிருந்த போத்தலைத் திறந்து, சிவப்புப் பாணியைக் கரண்டியில் வார்த்தார். அம்மாவின் தலைப்பை மெதுவாக விலக்கினார்.

"ஆவெண்டுங்க," என்றார்.

அம்மா வாயைத் திறந்தார்.